முதல் இடத்தில் வரக்கூடாதது

டாக்டரா நீங்க? இல்லையா? நல்லதாப் போச்சு. மடியில ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்ததும் பயந்துட்டேன். ஒரு டாக்டர் பக்கத்துல உட்கார்ந்து சென்னை வரைக்கும் வர என்னால ஆகாதும்மா. டாக்டருங்க மேல எனக்கு மரியாதை போயி ரொம்ப வருஷமாச்சு. அதுலயும் இந்த அமெரிக்க டாக்டர் இருக்கானே, அவன் எழுதுறதை வாசிச்சு வாசிச்சுத்தான் என் கண்ணு இந்தக் கதியாச்சு.

இல்ல இல்ல, நான் அமெரிக்கா எங்க போனேன்? திருச்சிதான். தில்லைநகர்ல ஆபீஸ். மெடிக்கல் கோடிங். கேள்விப்பட்டிருக்கீங்களா? தலையாட்டாதீங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. யாருக்கும் தெரியாது. எங்க மாமியார் கடைசிவரைக்கும் நான் ஏதோ ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்கிறேன்னுதான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க.

சுருக்கமாச் சொல்றேன். அமெரிக்காவுல ஒருத்தன் கால்வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போறான். டாக்டர் பார்த்துட்டு நோயாளியோட சார்ட்டுல என்னமோ எழுதுறான். அந்த சார்ட்டு இங்க நம்ம கம்ப்யூட்டருக்கு வருது. அதை வாசிச்சு, ஒவ்வொரு நோய்க்கும் உண்டான குறியீட்டை நாங்க வரிசையாப் போடணும். எழுத்தும் நம்பருமா இருக்கும், அதைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான். குறியீட்டைத் தேடி எடுக்கிறது பெரிய விஷயமில்ல, எந்தக் கழுதையும் தேடும். எது முதல்ல, எது அடுத்துங்கிற வரிசை இருக்கு பாருங்க, அதுக்குத்தான் மூளை வேணும். அது எங்க ஆபீஸ்ல என்னையும் சேர்த்து ரெண்டு மூணு பேருக்குத்தான் இருக்கு. என்னையும் சேர்த்துன்னு சொன்னது தன்னடக்கம்.

நான் டிரெயினர். புதுசா வர்ற பசங்களுக்குப் பாடம் எடுக்கிறவ. முன்னாடி ஸ்கூல்ல விலங்கியல் டீச்சர். அங்க தவளையை அறுத்தேன், இங்க இதுங்களோட மண்டையை அறுக்கிறேன், உள்ள ஒண்ணும் இல்லைங்கிறதுதான் வித்தியாசம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிம்பான், பயோடெக்கும்பா, சிறுநீரகம் முதுகுப்பக்கம் இருக்குன்னு சொன்னா வாயைப் பொளப்பாங்க.

என் பாடத்துல எனக்குன்னு பேர் வாங்கிக் கொடுத்தது ரத்தக்குழாய்ப் பாடம். மத்த டிரெயினருங்க அதைத் தொடவே மாட்டாங்க. ஏன்னா அது ஒரு மாதிரி சிக்கல். ரத்தக்குழாய் எப்பவும் தானா கெட்டுப்போகாது. சில பேருக்கு உடம்புக்குள்ள வேற ஒரு நோய் உட்கார்ந்துக்கிட்டு அதைக் கெடுக்கும். வெளியில பார்த்தா ரத்தக்குழாய்ல கோளாறு, உள்ள போய்ப் பார்த்தா காரணம் வேற. அந்த மாதிரிக் கோளாறுக்குன்னே ஒரு குறியீடு வச்சிருக்கான், ஐ எழுபத்தொன்பதுன்னு. அதை முதல் இடத்துல போடவே கூடாது. போட்டா தப்பு. கெடுத்தவன் முதல்ல, கெட்டது அப்புறம். இதை நான் போர்டுல பெருசா எழுதிப் போட்டு, எல்லாரையும் கோரஸா சொல்லச் சொல்வேன். சிரிப்பாங்க. பரீட்சையில அதைத்தான் எழுதுவாங்க.

இன்னொண்ணும் சொல்லிக் கொடுப்பேன். டாக்டர் எழுதாததை நாம எழுதக்கூடாது. நோயாளிக்கு இது இருக்கும், அது இருக்கும்னு நம்மளா யூகிச்சுக் குறியீடு போடக்கூடாது. எழுதாதது இல்லாதது. அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்கு அதுதான் அஸ்திவாரம். இதை நீங்க மனசுல வச்சுக்கிட்டாத்தான் நான் சொல்லப்போறது புரியும். இல்லாட்டி நீங்களும் எங்க ஹெச்.ஆர். மாதிரி என்னைத்தான் சொல்லுவீங்க.

போன மழைக்காலத்துல ஒரு பேட்ச் வந்துச்சு. வந்ததுலயே மட்டமான பேட்ச். அதுல ஒரு பொண்ணு, இசக்கியம்மாள்னு பேரு. சங்கரன்கோயில் பக்கம். அப்பா விசைத்தறியில வேலை பார்க்கிறவர். பேரைக் கேட்டதும் நான் சொன்னேன், ‘ஏம்மா, அமெரிக்காக்காரன் மீட்டிங்ல உன்னைக் கூப்பிடணும்னா அவனுக்குப் பல்லு கொட்டிப் போகும், எசக்கின்னு வச்சுக்கவா’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சா, அதைக் குறிச்சுக்கங்க. பின்னாடி நான் அவளைப் பேரைச் சொல்லி அவமானப்படுத்தினேன்னு ஒரு புகார் வந்துச்சு.

வந்த மொத வாரமே ஆரம்பிச்சிட்டா. ‘மேடம், ஏசியைக் கொஞ்சம் கொறைக்கலாமா? வெரலு மரத்துப் போவுது.’ எனக்குப் புரியலை. திருச்சியில, மழைக்காலமா இருந்தாலும் திருச்சி, ஒருத்தி ஏசியைக் குறைக்கச் சொல்றா. மத்தவங்க எல்லாம் கூட்டச் சொல்லித்தான் கேட்டு எனக்குப் பழக்கம். ‘கூட்டமா இருக்கிற ரூம்ல குறைச்சா எல்லாரும் தூங்கிருவாங்க, நீ ஒரு ஸ்வெட்டர் போட்டுக்க’ன்னேன். நியாயமாத்தானே சொன்னேன்?

மறுநாள் ஸ்வெட்டரோட கையுறையும் மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. பைக் ஓட்டுறவங்க போடுவாங்களே, கறுப்பா, முரட்டு உறை. அவ அண்ணனோடதாம். அதைப் போட்டுக்கிட்டு கீபோர்டுல டைப் அடிக்கப் பார்க்கிறா. ‘ஏன், பார்க்கிங்ல வண்டியை விட்டுட்டு நேரா ரேஸுக்குப் போறியா?’ன்னு கேட்டேன். கிளாஸ் முழுக்கக் குலுங்கிச்சு. கழட்டிட்டா. அப்புறம் பார்த்தா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா, ஸ்கூல் பசங்க மாதிரி. டீ பிரேக்ல டீ வாங்கி ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டே நிப்பா. குடிக்க மாட்டா. ஆறிப்போனதும் கொட்டிட்டு வந்துருவா. வேலையில இறங்காம சமாளிக்கிறவளுக்கு என்னென்ன வழி இருக்கு பாருங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

கன்னம் ரெண்டும் மூக்குத்தண்டோட சேர்த்துச் செவந்து கிடக்கும். கண்ட கண்ட க்ரீமைப் போட்டு மூஞ்சியைக் கெடுத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சுச்சு. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் செவப்பாகணும், வேற என்ன? சீப்பு வச்சா முடி கொத்துக் கொத்தா வருதுன்னு பாத்ரூம்ல யார்கிட்டயோ அழுதுக்கிட்டிருந்தா. ஹாஸ்டல் தண்ணின்னேன். நானா போய்ச் சொன்னேன், அக்கறையா. அதெல்லாம் யாரும் புகார்ல எழுதலை.

வேகம் சுத்தமா இல்ல. மத்தவங்க சார்ட்டை முடிச்சிட்டு வம்பு பேசிக்கிட்டிருப்பாங்க, இவ பாதியில நிப்பா. ஆனா ஒண்ணு, போட்டது சரியா இருக்கும். அதை நான் மறுக்கலை. மேஜையில அடிக்கடி தலையைச் சாய்ச்சுக்குவா. கேட்டா ‘அசதியா இருக்கு மேடம்’பா. உனக்கு என்ன வயசு, எனக்கு என்ன வயசு? எனக்கு இல்லாத அசதியா? தூக்கம் தெளியட்டும்னு அவ சீட்டை மாத்தினேன். ஏசி காத்து நேரா விழுற இடத்துக்கு.

ஆமா, மாத்தினேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? தூங்குறவளை எங்க உட்கார வைப்பாங்க? நான் ஸ்கூல்ல தூங்குறவனை ஜன்னல் ஓரமா நிக்க வைப்பேன். அவன் இன்னைக்கு தாசில்தாரா இருக்கான்.

அந்தச் சமயத்துலதான் ரத்தக்குழாய்ப் பாடம் வந்துச்சு. அன்னைக்கு நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டுத்தான் போவேன், வேடிக்கைக்காக. ஸ்லைடுல ஒரு படம் உண்டு. ஒரு வெள்ளைக்காரியோட கை. குளிர்ல விரல் நுனியெல்லாம் முதல்ல சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், அப்புறம் நீலமாகும், சூடு பட்டதும் செவந்து வலிக்கும். மூணு நிறம். ‘சில பேருக்குச் சும்மாவே வரும், அதுல பயமில்ல. ஆனா சில பேருக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிருப்பான். லூப்பஸா இருக்கலாம், தோல் இறுகுற நோயா இருக்கலாம். விரலைப் பார்த்துட்டு விரலுக்கு மருந்து எழுதுறவன் மடையன். பின்னாடி யாருன்னு கேட்கணும். கெடுத்தவன் முதல்ல, கெட்டது அப்புறம்’னு நான் சொல்லிக்கிட்டு வர்றேன். பின்னால ஒரு கை மேல நிக்குது.

இவதான். ‘மேடம், எல்லா வெரலும் வெளுக்கணுமா, ரெண்டு மூணு மட்டும் வெளுத்தாலும் அதானா?’

‘அது பரீட்சைக்கு வராது’ன்னேன்.

‘இல்ல மேடம், நுனியில புண்ணு வந்து ஆறாம இருந்தா?’

‘சார்ட்டுல டாக்டர் எழுதியிருந்தா போடு. எழுதலைன்னா போடாத. கையைக் கீழ போடு.’

கையைக் கீழ போட்டா. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டேன். நடந்தது இவ்வளவுதான். இதைத்தான் பின்னாடி அந்த ரிஸ்வானா, அவளோட ஹாஸ்டல் ரூம்ல இருக்கிறவ, அதே பேட்ச், ஆபீஸ் பூராவும் வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. மேடம் நேரா அந்தக் கையைப் பார்த்தாங்க, விரல் வெள்ளையா இருந்துச்சு, பார்த்துக்கிட்டேதான் கீழ போடச் சொன்னாங்கன்னு. நான் கேள்வியைத்தான் பார்த்தேன். பாடம் எடுக்கிறவ கையையா பார்த்துக்கிட்டிருப்பா?

அதுக்கப்புறம் ஒரு நாள் வரலை, அடுத்த நாளும் வரலை. ஓடிட்டான்னு நினைச்சேன். இந்தத் தொழில்ல ஓடுறவங்க ஜாஸ்தி. பேரை அடிச்சிரலாம்னு ரிஜிஸ்டரை எடுத்தப்ப ரிஸ்வானா எந்திரிச்சு நிக்கிறா. ‘மேடம், எசக்கி பெரியாஸ்பத்திரியில இருக்கா. அட்மிட் பண்ணிட்டாங்க.’

என்னன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டு எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. என்ன பண்ணியிருக்கா தெரியுமா? என் ஸ்லைடை செல்போன்ல படம் எடுத்திருக்கா. எங்க ஆபீஸ்ல உள்ள போன் கொண்டு வரவே கூடாதும்மா. நோயாளி விவரமெல்லாம் இருக்கிற இடம், வாசல்லயே லாக்கர்ல வச்சிரணும். அதை எப்படியோ ஒளிச்சுக் கொண்டு வந்து படம் பிடிச்சிருக்கா. வேலையை விட்டே தூக்கலாம் அதுக்கு.

அதை எடுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக் போயிருக்கா. அங்க இருந்த டாக்டர் விரலைப் பார்த்துட்டு, நரம்புத் தளர்ச்சி, சத்துக்குறைவு, மாத்திரை தர்றேன், சாப்பிடும்மான்னு சொல்லியிருக்கான். சொன்னேனே, டாக்டருங்களைப் பத்தி! இவ எந்திரிக்கலையாம். போனை எடுத்து அவன் முன்னாடி வச்சு, ‘சார், இது என் கை மாதிரியே இருக்கு. எனக்குப் பின்னாடி என்ன நோயின்னு பாருங்க. பாக்காம நான் போவமாட்டேன்’னு உட்கார்ந்துட்டாளாம். வெளியில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க, அவன் சத்தம் போட்டிருக்கான். ‘நீ என்ன டாக்டரா?’ன்னு கேட்டிருக்கான். ‘இல்ல சார், கோடிங் டிரெயினி’ன்னாளாம்.

அப்புறம்தான் அவன் அவ முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்கான். கன்னத்தைப் பார்த்திருக்கான். முட்டி வலிக்குதா, வாயில புண்ணு வருதா, வெயில்ல போனா என்ன ஆகுதுன்னு ஒண்ணொண்ணாக் கேட்டிருக்கான். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லியிருக்கா. ‘இப்பவே கிளம்பு, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போ, நான் அங்க போன் பண்ணிச் சொல்றேன்’னு அவனே ஆட்டோ பிடிச்சு ஏத்தி விட்டிருக்கான். லூப்பஸ். உடம்போட எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தின்னும். ரத்தக்குழாயைப் பிடிச்சு, சிறுநீரகத்துக்கும் போயிருச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்னு ரிஸ்வானா சொல்றா, கண்ணைக் கசக்கிக்கிட்டு.

நான் என்ன சொன்னேன்னா, ‘சரி, உட்காரு, பாடத்தைப் பார்ப்போம்’னேன். அழுதா ஆச்சா? ஆனா அன்னைக்குப் பாடம் ஓடலை. இதுங்க ஒண்ணும் கவனிக்கலை. நானும் ரெண்டு தடவை ஒரே ஸ்லைடைப் போட்டிருக்கேன், யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுச்சு.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லலை. சொல்லப்போனா எங்க ஹெச்.ஆர். ஜோயல், கழுத்துல அடையாள அட்டையைத் தாலி மாதிரி போட்டுக்கிட்டுத் திரியுற பையன், போகாதீங்கன்னுதான் சொன்னான். ‘மேடம், இப்ப நீங்க போனா தப்பா எடுத்துக்குவாங்க.’ நான் எதுக்குப் போனேன்னா, அந்தப் போன் விஷயத்தை நேர்ல கண்டிச்சு வைக்கணும்னு. ஆரஞ்சு வாங்கிக்கிட்டுத்தான் போனேன், வெறுங்கையோட போகக்கூடாதுல்ல.

வார்டு வாசல்ல ஒரு மனுஷன் குத்துக்கால் வச்சு உட்கார்ந்திருந்தார். சட்டை காலர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்துச்சு. தறியில இருந்து அப்படியே பஸ் ஏறிட்டார் போல. ரிஸ்வானா ‘இவங்கதான் எங்க மேடம்’னு சொன்னதும் எழுந்து, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

‘நீங்கதான் டீச்சரம்மாவா? ஒங்க பாடத்தக் கேட்டுத்தாம்மா எம்புள்ள கண்டுபிடிச்சிருக்கா. டாக்டரே சொன்னாரு, யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு. எங்க ஊர்ல இருந்திருந்தா வெசக்கடின்னு வேரக் கட்டிக்கிட்டு இருந்திருப்பம். ஒங்கள நாங்க மறக்க மாட்டம்மா.’

பார்த்தீங்களா? படிக்காத மனுஷன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க ஆபீஸ்ல இத்தனை பேரு கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு இருக்கானுங்க, ஒருத்தன் வாயில இருந்து அந்த வார்த்தை வரலை. நான் அவர்கிட்ட, ‘பரவாயில்லைங்க, எங்க கடமை’ன்னு சொல்லிட்டு உள்ள போனேன். கையைச் சேலையில ரெண்டு தடவை துடைச்சுக்கிட்டேன். அவர் அப்படி இறுக்கிப் பிடிச்சுட்டார்.

அவ கட்டில்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தா. இடது கை முழுக்கப் பஞ்சு சுத்தியிருந்துச்சு. முகம் வீங்கியிருந்துச்சு. படிக்கிற டாக்டர் ஒருத்தன் பக்கத்துல நின்னு கேஸ் ஷீட்ல எழுதிக்கிட்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன், பழக்கம். முதல் வரியில ரத்தக்குழாய் அழற்சின்னு எழுதியிருக்கான்! லூப்பஸ் மூணாவது வரியில கிடக்கு.

என்னால சும்மா இருக்க முடியலை. ‘தம்பி, அது முதல்ல வரக்கூடாது. பின்னாடி இருக்கிற நோயை முதல்ல எழுதுங்க’ன்னேன். ‘நீங்க யாரு?’ங்கிறான். ‘யாரா இருந்தா என்ன, வரிசை தப்பு’ன்னேன். அவன் எனக்குப் பதில் சொல்றதை விட்டுட்டு அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவளும் சிரிச்சா. ‘எழுதிருங்க டாக்டர், மேடம் விட மாட்டாங்க’ன்னா. அவன் அடிச்சிட்டு எழுதினான். அப்படிப்பட்டவனுங்க கையிலதான் நம்ம உயிரு.

அவன் போனதும் நான் ஆரஞ்சை வச்சேன். போன் விஷயத்தை எடுக்கலாம்னு பார்த்தேன். ‘கை எப்படி இருக்கு?’ன்னு கேட்டுட்டேன்.

‘ஆள்காட்டி வெரலு நுனி கறுத்துப் போச்சு மேடம். அதை எடுத்திருவாங்களாம். மத்ததெல்லாம் தப்பிச்சிரும்னாங்க.’

‘டைப் அடிக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு விரல் இல்லாமலே அடிக்கலாம்’னேன். தைரியம் சொல்லணும்ல.

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. கோபமெல்லாம் இல்ல. அதுதான் எனக்குப் பிடிக்கலை, கோபப்பட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். ‘மேடம், நீங்க அந்தப் படத்தக் காட்டும்போது எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ செஞ்சது. இது நம்ம கைதானேன்னு. நான் அதுக்குத்தான் கையத் தூக்குனேன். கேள்வி சும்மா கேட்டது. நீங்க பாப்பீங்கன்னு நினைச்சேன்.’

‘எழுதாதது இல்லாதது. நான் டாக்டர் இல்லம்மா, யூகிச்சுச் சொல்லக்கூடாது, அது நம்ம தொழிலுக்கு அழகில்ல’ன்னேன். சரிதானே? நீங்களே சொல்லுங்க. நான் அவ கையைப் பார்த்து உனக்கு லூப்பஸ்னு சொல்லியிருந்தா, இல்லைன்னு ஆகியிருந்தா, ஊர் சிரிச்சிருக்காதா?

‘ஆமா மேடம்’னா. அவ்வளவுதான் சொன்னா. ‘ஆரஞ்சு உரிச்சுத் தர்றீங்களா, எனக்கு உரிக்க முடியல.’ உரிச்சுக் கொடுத்தேன். கொட்டையை எடுத்து, நாரெல்லாம் எடுத்து. சாப்பிட்டா. பஸ்ல திரும்பி வரும்போது, உள்ளங்கையெல்லாம் அந்தத் தோலோட வாசனை.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். அவ புகார் கொடுக்கலை. அதை நான் ஒத்துக்கிறேன். கொடுத்தது ரிஸ்வானாவும் மத்ததுங்களும். கையுறை, சீட்டு, பேரு, எல்லாத்தையும் சேர்த்து. ஜோயல் என்னைக் கூப்பிட்டு எதிர்ல உட்கார வச்சுக்கிட்டு, ‘மேடம், ஒரு எம்பதி வேணும் மேடம்’ங்கிறான். எம்பதி! அந்த வார்த்தையை அவன் எங்கயோ ட்ரெயினிங்ல படிச்சிட்டு வந்திருக்கான். உன் தமிழ்ல சொல்லுடான்னேன். அடுத்தவங்க வலியை உணர்றதுன்னு சொல்லத் தெரியலை அவனுக்கு. என்னைப் பாடம் எடுக்கிறதுல இருந்து தூக்கி, ஆடிட்ல போட்டாங்க. மத்தவங்க போட்ட குறியீட்டைத் திருத்துறது. மூலையில ஒரு சீட்டு.

எனக்குப் பதிலா தீபன்னு ஒருத்தன் பாடம் எடுத்தான். ஸ்லைடை அப்படியே வாசிப்பான். இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறதை இங்கிலீஷ்லயே வாசிச்சிட்டு ‘புரிஞ்சுதா கைஸ்?’பான். ரூம் கதகதன்னு இருந்துச்சு, ஏசி சுவிட்ச் மேல பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டிட்டாங்க. எல்லாரும் நல்லாத் தூங்கினாங்க. பரீட்சையில பேட்ச்ல பாதிக்கு மேல ஃபெயில். ரத்தக்குழாய்க் கேள்வியில ஒருத்தன் கூட வரிசையைச் சரியா எழுதலை. வெயில் காலம் ஆரம்பிக்கிறதுக்குள்ள என்னையே திரும்பக் கூப்பிட்டாங்க. மன்னிப்பு கேட்டாங்களா? அதெல்லாம் கேட்க மாட்டாங்க. ‘வெல்கம் பேக் மேடம்’னு ஒரு கேக் வெட்டினாங்க. க்ரீம் புளிச்சுக் கிடந்துச்சு.

எசக்கியா? இருக்கா. ஊருக்குப் போயிட்டா. குளிர் ஆகாது, வெயில் ஆகாது, வீட்டுக்குள்ளயே இருக்கணும். கிட்னி தேறிட்டுதாம், மாத்திரை மட்டும் விடக்கூடாது. வீட்டுல இருந்தே பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டான்னு அவங்க அப்பா போன் பண்ணினார். அவ பேசலை. பக்கத்துல இருந்தா, குரல் கேட்டுச்சு, யாரோடயோ சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தா. ‘குடுக்கட்டுமாம்மா?’ன்னு அவர் கேட்டார். ‘வேண்டாம், அவ வேலையைப் பார்க்கட்டும்’னேன். எனக்கும் வேலை இருந்துச்சு.

இப்ப ஒரு பேட்ச் வந்திருக்கு. இது அதை விட மட்டம். வந்தன்னைக்கே எல்லாரையும் எந்திரிச்சு நின்னு கையை நீட்டச் சொல்லிட்டேன். ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டணும். எல்.கே.ஜி.யில நகம் பார்ப்பாங்களே, அந்த மாதிரின்னு சிரிக்கிறாங்க. எனக்கு நகப் பரிசோதனை மேடம்னு பட்டப்பேரு வச்சிருக்காங்க, தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. வாரா வாரம் திங்கக்கிழமை பார்க்கிறேன். ஏன்னு கேட்டா, டிசிப்ளின்னு சொல்லிருவேன். இதுங்களுக்கு விளக்கம் வேற சொல்லணுமா?

போன திங்கக்கிழமை பெனிட்டான்னு ஒரு பொண்ணு, லால்குடி, கையை நீட்டுறா. விரல் நுனியெல்லாம் நீலம். நல்ல நீலம். பாடத்தைப் பாதியில விட்டுட்டு, அவ பையைக்கூட எடுக்க விடலை, கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டேன். ‘என்ன மேடம், என்ன மேடம்’னு அழுகுறா. ‘வாயை மூடு’ன்னேன். ஆட்டோக்காரனை விரட்டு விரட்டுன்னு விரட்டினேன். வழி பூரா முட்டி வலிக்குதா, வாயில புண்ணு இருக்கா, முடி கொட்டுதான்னு கேட்டுக்கிட்டே வர்றேன். அவ பயத்துல எல்லாத்துக்கும் ஆமாங்கிறா.

ஆஸ்பத்திரியில சின்னப் பையன் ஒருத்தன் டாக்டர்னு உட்கார்ந்திருந்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான். மோந்து பார்த்தான். அவ துப்பட்டாவைப் பார்த்தான். ‘மேடம், இது சாயம்’னான். புதுத் துப்பட்டாவாம், நீலக் கலரு. மழையில நனைஞ்சு, பிழிஞ்சு போட்டுக்கிட்டு வந்திருக்கா. வெளியில நின்ன நர்ஸுங்க எல்லாம் சிரிக்கிறாங்க. அவன் பேனாவை மூடிட்டு, ‘நீங்க என்ன பண்றீங்க மேடம்?’ங்கிறான். ‘இன்னொரு கையையும் பாருங்க’ன்னேன். ‘மேடம், சாயம்தான்.’ ‘பாருங்கன்னா பாருங்க.’ பார்த்தான். பார்க்காம நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்.

வெளியில வாஷ்பேசின்ல சோப்பு இருந்துச்சு. அவளை நிக்க வச்சு நானே தேய்ச்சேன், ஒவ்வொரு விரலா. நீலமா நுரை ஓடிச்சு. தேய்க்கத் தேய்க்க உள்ள இருந்து நல்ல விரல் வருது. புதுத் துணியை உப்புத் தண்ணியில போட்டு அலசத் தெரியாதா, இதைக்கூடச் சொல்லிக் கொடுக்காமயா வேலைக்கு அனுப்புறாங்கன்னு திட்டிக்கிட்டே இருந்தேன். ‘மேடம், போயிருச்சு மேடம், விடுங்க’ங்கிறா. நான் விடலை. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னேன். தண்ணி அவ்வளவு சில்லுன்னு வந்தும் அந்தக் கழுதையோட கை நல்லா சுடச்சுட இருந்துச்சு.